ஒரே ஜாடியில் எட்டு சென்சார்

வேதியியல் படித்தவளுக்கு ஏதாவதொரு ஆய்வுக்கூடத்தில், குளிரூட்டிய அறையில் வேலை கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கரண்ட் போனால் தாங்கிக்கொள்ள ஓர் இன்வெர்ட்டர். வெளியே எட்டு நண்டுக் குட்டைகள். குட்டைகள் குப்பத்துப் பெண்கள் குழு ஒன்றினுடையவை. பழைய ஓட்டைக் கழற்றிய கையோடு பிடிபடும் சேற்று நண்டுக்குள் சதை இருக்காது, வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதை வாங்கிக் குட்டையில் விட்டு, பொடிமீன் போட்டு வளர்த்து, ஓடு கெட்டியாகிச் சதை பிடித்ததும் விற்பார்கள். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் முதலில் சாவது அந்த இளகிய நண்டுகள். அதனால் தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது அது அமிலமா காரமா, எந்த அளவுக்கு என்பதை, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள குட்டைக்கு ஒரு சென்சார் என்று ஒரு திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் குட்டைக்கரையில் நிற்க வேண்டியவள் நான்.

என் ஊர் அனுப்பம்பட்டுப் பக்கம். நாங்கள் நெல் விளைவிக்கிறவர்கள். ஏரித் தண்ணீரின் உப்பும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் சொந்தமில்லை என்று சொல்லியே வளர்த்தார்கள். காலையில் பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், இறங்கினால் குழுத் தலைவி ஸ்கூட்டரில் வந்து நிற்பார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவார். மரியாதைக்காக அல்ல. அவருடைய வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலையும் படகும் மைத்துனரிடம் இருந்தன. குட்டைகள் முழுக்க அக்காவின் பொறுப்பு. பேச்சு கொஞ்சம் வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். வேலையும் அப்படித்தான்.

சென்சார் என்பது வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடுகிற பொருள் அல்ல என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை. அது கண்ணாடிக் குமிழ். உப்புத் தண்ணீரில் கிடக்கக் கிடக்க அதன் கணக்கு மெல்ல நகரும். குமிழைச் சுற்றிப் பாசி பிடிக்கும், சிப்பிக் குஞ்சு ஒட்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து, கழுவி, அளவு முன்கூட்டியே தெரிந்த கரைசல்களில் முக்கி, 'இதுதான் நான்கு, இதுதான் ஏழு, இதுதான் பத்து' என்று அதற்கு நினைவூட்ட வேண்டும். அந்தக் கரைசலுக்கு பஃபர் என்று பெயர். ஒரு சென்சாரை ஏழில் முக்கினால் எண் அங்குமிங்கும் ஆடி நிற்பதற்குள் பொறுமை போய்விடும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நான்கில் முக்கி, மறுபடி அலசி, பத்தில் முக்கி, ஒவ்வொரு தடவையும் எண் நிற்கும்வரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டு சென்சாருக்கு இதை எட்டு முறை.

முதல் சென்சாரைத் தொடும்போது கொட்டகை இதமாக இருக்கும். எட்டாவதற்கு வரும்போது தகரம் காய்ந்து, பஃபர் வெந்நீர் மாதிரி ஆகியிருக்கும். சூடு மாறினால் அளவும் மாறும். ஆக, காலையில் சரிசெய்ததும் மதியம் சரிசெய்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நடுவில் கரண்ட் போகும். ஒயர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். இதற்குள் குட்டைகளில் சென்சார் இல்லை என்பதால் அக்காவின் போனில் 'தொடர்பு இல்லை' என்று எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் கொட்டகை வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா மேடம், குளிப்பாட்டி முடிஸ்சுதா? எம் புள்ளைங்கள கூட நான் இம்மா நேரம் குளிப்பாட்னது இல்ல."

நான் திரையை விட்டுத் திரும்பமாட்டேன். பதில் சொன்னால் எண்ணைத் தவறவிடுவேன்.

இப்படிச் சில வாரங்கள் போன பிறகு, ஒருநாள் எனக்கே வெறுத்துவிட்டது. எட்டையும் ஏன் தனித்தனியாக முக்க வேண்டும்? எட்டு ஒயரும் மேசைமேல் எண் காட்டும் ஒரே பெட்டிக்குத்தான் போகின்றன. பெட்டியில் 'எல்லாவற்றையும் சரிசெய்' என்று ஒரு பட்டன்கூட இருந்தது, யாரும் தொட்டதில்லை. மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் வைத்து அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியின் மூடி ஒன்றை வாங்கி வந்தேன். வட்டமாக வெட்டி எட்டுத் துளை போட்டு, சென்சார்களை நெருக்கமாகச் செருகினேன். அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் ஜாடி மூன்றில் மூன்று பஃபரும் ஊற்றி, மூன்று ஜாடியையும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினேன், சூடு சமமாக இருக்கட்டும் என்று. மூடியைப் பிடித்து ஜாடிமேல் வைத்தால் எட்டுக் குமிழும் ஒன்றாக முங்கும். எட்டு எண்ணும் ஒன்றாக ஆடி ஒன்றாக நிற்கும். பட்டன். தூக்கு, அலசு, உதறு, அடுத்த ஜாடி.

காலைச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்து சென்சார்கள் குட்டைக்குத் திரும்பிவிட்டன. அக்கா வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. "மூடி யாரூட்து?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று நான் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சென்னையிலிருந்து திட்டத்தைக் கவனித்துக்கொண்ட எங்கள் சாரிடம் போனில் சொன்னேன். நல்ல மனிதர், அதட்டமாட்டார், ஆனால் எப்போதும் அடுத்த அழைப்பு காத்திருக்கும் குரலில் பேசுவார். இதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு எல்லா இடங்களிலும் இதையே செய்யலாம் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். எட்டையும் ஒன்றாகச் செய்தால் பஃபர் கொஞ்சம் அதிகம் செலவாகும், புதிது அனுப்புங்கள் என்று கேட்டேன்.

வந்த பார்சலைப் பிரித்தபோதே எரிச்சல் வந்தது. பத்து என்று எழுதிய பெரிய பாட்டிலின் முத்திரை உடைந்திருந்தது. கால்வாசி குறைந்திருந்தது. எங்கோ முடிந்துபோன இன்னொரு திட்டத்தில் மிச்சமானது. போன் செய்தேன். லேபிளில் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று சார் கேட்டார். தாண்டவில்லை. அப்புறம் என்னம்மா, என்றார். புதியது கேட்டேனே என்றேன். வாங்க எழுதிப் போட்டிருக்கிறேன், வரும்வரை இதை ஓட்டு என்றார்.

அந்த வாரம் பார்சலில் வந்த பாட்டிலை ஊற்றிச் சரிசெய்தபோது பெட்டியின் திரையில் எட்டு சென்சாரின் நலமும் வரிசையாக வந்தது. குமிழ் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று சொல்லும் ஒரு சதவீதம் அது. வழக்கத்தைவிட எல்லாமே நன்றாகக் குறைந்திருந்தன. மறுபடி போன். சென்சார் பழசானால் அப்படித்தான் குறையும், பெட்டி ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று கேட்டார். ஏற்றுக்கொண்டது. அப்புறம் என்னம்மா.

இரண்டு நாள் கழித்து, வெயில் உச்சிக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. பிறகு மறுபடி. பிறகு நிற்கவே இல்லை. முதல் குட்டை ஒன்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது தாண்டிவிட்டது. சற்று நேரத்தில் எட்டும். வெயிலில் பாசி வேலை செய்யும்போது பி.எச். மதியத்தில் ஏறுவது வழக்கம்தான், ஆனால் ஒன்பதைத் தாண்டினால் நண்டின் கழிவே நண்டுக்கு விஷமாக மாறும். அப்படிச் சொல்லி மணி வைத்ததே நான்தான்.

சாருக்கும் அதே மணி அடித்திருக்கிறது. எனக்கு முன்னால் அவர் அக்காவுக்கே போன் செய்துவிட்டார். உடனே தண்ணீரை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்றேன். காற்று விழுந்து ஏரி கரையோரம் முட்டியளவு வற்றிக் கிடந்தது. அந்த நேரத்தில் என்ஜின் வைத்து இறைத்தால் வருவது சூடான சேற்றுத் தண்ணீர். குட்டையில் இன்னும் ஓடு பிடிக்காத நண்டுகள் கிடந்தன. கொஞ்சம் பொறுங்கள், சாயங்காலம் காற்று திரும்பி ஏரியில் தண்ணீர் ஏறட்டும் என்றேன்.

"ஒண்ணு ரெண்டு அடிச்சா நீ சொல்றத கேப்பேன்," என்றார் அக்கா. "எட்டும் ஒண்ணா சொல்லுதே மேடம். எட்டு பேரு ஒரே மாரி சொன்னா அது பொய்யா பூடுமா? நீதானே இந்த மிஷின நம்புன்னு சொல்லி மாட்ன?"

என்ஜினை முதல் குட்டைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். டீசல் புகையும் சத்தமுமாக அது ஓட ஆரம்பித்தது. நான் கொட்டகைக்குள் போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒவ்வொரு திரையாகத் தள்ளினேன். அந்தச் சதவீத வரிசை வந்தது.

எட்டும் ஏறக்குறைய ஒரே எண். அதை வாரத் தொடக்கத்திலேயே பார்த்திருந்தேன், ஒவ்வொன்றையும் குறைவாக இருக்கிறதே என்றுதான் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. முதல் நான்கு குட்டைகளில் இருந்தவை ஒரு வருடமாக உப்பில் ஊறியவை. மற்ற நான்கும் போன மாதம்தான் பெட்டி பிரித்து மாட்டியவை. கிழவர்களும் குழந்தைகளும் ஒரே அளவுக்கு எப்படித் தளர்ந்துபோவார்கள்? சென்சார்கள் தளரவில்லை. எட்டும் முங்கிய அந்த ஒரே ஜாடியில்தான் கோளாறு. 'இதுதான் பத்து' என்று நான் காட்டியது பத்தே இல்லை. திறந்து கிடந்த பாட்டில் காற்றை இழுத்து இழுத்து இறங்கிப்போயிருக்கிறது. பத்துக்கான கரைசல் அப்படி இறங்கும் என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து தொலைந்தது. ஒன்பதரையைப் பத்து என்று கற்றுக்கொண்ட எட்டு சென்சார்களும் குட்டையில் இருப்பதைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தனித்தனியாகச் செய்திருந்தால் ஒன்றிரண்டாவது முரண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. அதே பாட்டில்தானே.

வெளியே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். என்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். "நெசமா தெரியுமா, இல்ல தோணுதா?" என்று கேட்டார். தோணுகிறது என்றேன். "தெரிஸ்சுகினு வா," என்றார்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. புது சென்சார்கள் வந்த பெட்டியில் பிரிக்காத பஃபர் பொடிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் சுத்தமான பத்து கிடைக்கும். மேசைக்கடியில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கினேன். காலி. இன்வெர்ட்டர் கத்தியது என்று முந்தைய நாள் யாரோ ஒருவர் கேனைத் திறந்து அவ்வளவையும் அதன் பேட்டரிக்கு ஊற்றியிருக்கிறார். அது பேட்டரித் தண்ணீர்தானே, கேனில் அப்படித்தானே எழுதியிருக்கிறது. யாரைத் திட்டுவது?

அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். எனக்கு ஸ்கூட்டர் சரியாக ஓட்டவராது. பேட்டரிக் கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடையில் சொல்லி அவரை வரவழைத்து, கேனை வாங்கிக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு திரும்பினால், சந்து முனையில் ஒரு கார் வழியை அடைத்து நின்றது. சென்னையிலிருந்து வந்த குடும்பம். டச்சுக்காரர் கல்லறைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். கை காட்டினேன். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதாமே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று அந்த அம்மாள் விசாரித்தார். பார்த்திருக்கிறேன், நீங்களும் போய்ப் பாருங்கள், முதலில் காரை எடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அன்று எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கொட்டகைக்கு வந்து பொடியைக் கரைத்து, எட்டாவது குட்டையிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து அலசி முக்கினேன். எண் ஆடியது. பத்தைத் தாண்டியது. பத்தரையையும் தாண்டிப் போய் நின்றது. சுத்தமான பத்தைப் பத்தரைக்கு மேல் என்று சொல்கிற சென்சார், குட்டையில் ஒன்பது என்று சொன்னால் அங்கே இருப்பது ஒன்பது அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டரைக்குக் கொஞ்சம் மேலே. எந்த மதியத்திலும் இருக்கிற அளவு.

அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்து திரையைக் காட்டினேன். இது பிரிக்காத பொட்டலம், இது பத்துதான், இது என்ன சொல்கிறது பாருங்கள் என்றேன். அவர் இரண்டு முறை பார்த்தார்.

"அப்போ எட்டும் ஒரே பொய்ய கத்துகினு வந்து சொல்லிச்சா?"

"ஆமாங்க்கா."

வெளியே போய் என்ஜினை நிறுத்தச் சொன்னார். கத்தவில்லை. கையை மட்டும் காட்டினார். அதற்குள் முதல் குட்டைத் தண்ணீர் மாறி, செம்மண் குழம்பு மாதிரி ஆகியிருந்தது. இரண்டாவது குட்டைக்குக் குழாயை அப்போதுதான் தூக்கி வைத்திருந்தார்கள்.

முதல் குட்டையில் ஓடு பிடித்தவை தப்பின. இளகியவை பெரும்பாலும் போய்விட்டன. மறுநாள் காலையில் பெண்கள் குட்டையில் இறங்கி அவற்றை அரித்தெடுத்துக் கூடையில் போட்டார்கள். நானும் இறங்கினேன். நடுவில் சார் போன் செய்தார். நடந்ததை நான் எழுதி அனுப்பியிருந்தேன். வருத்தப்பட்டார். நாளைக்கே புது பாட்டில் அனுப்பிவிடுகிறேன் என்றார். அக்கா ஈரக்கையோடு போனை வாங்கினார்.

"பாட்டில் அனுப்பாத சார். நீ எத்துகினு வா. வந்து இந்தக் குட்டய பாரு. போன்லயே பேசிகினு இருந்தா எங்களுக்கு பேஜாரா கீது."

அவர் வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. முத்திரை உடையாத பாட்டில்களை ஒரு பையில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அக்கா அவரை முதல் குட்டையின் வரப்பில் நிற்கவைத்து, என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, நான்தான் மாற்றச் சொன்னேன், இந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள், தப்பு என்னுடையது என்றார். அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஆனால் எரிச்சல் அப்படியே இருந்தது.

ஏனென்றால் கொட்டகைக்குள் உட்கார்ந்ததும் மறுபடி வாக்குவாதம். இனி ஏழு சென்சாரை மட்டும் ஒன்றாக ஜாடியில் முக்கலாம், ஒன்றை எடுத்து வைத்துப் பொட்டலத்திலிருந்து தனியாகக் கரைத்த பஃபரில் சரிசெய்யலாம், பிறகு எட்டையும் ஒரே குட்டைத் தண்ணீரில் நிறுத்திப் பார்க்கலாம், தனியாகச் செய்தது மற்ற ஏழோடு ஒத்துப்போனால்தான் குட்டைக்கு அனுப்பலாம் என்றேன். அப்படியானால் நேரம் கூடுமே, ஒன்றாகச் செய்வதன் பலனே போய்விடுமே என்றார் சார். போகாது, கொஞ்சம்தான் கூடும் என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். நாங்கள் பேசிக்கொண்டே இருந்ததை அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஒண்ணு தனியா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். குட்டை அவர்களுடையது. சார் சரி என்றார்.

குழு இன்னொரு முடிவும் எடுத்தது. எச்சரிக்கை மணி இனி அவர்கள் போனில் அடிக்கக்கூடாது. என் போனில் அடிக்கட்டும், நான் பார்த்துச் சொன்னால் போதும். ஆக, அதன்பிறகு எட்டுக் குட்டைகளும் என் பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ரயிலில் அடித்தது. கோயிலில் அடித்தது. தொடர்பு விட்டுப்போனால் அடித்தது, தொடர்பு வந்துவிட்டது என்று சொல்வதற்கும் அடித்தது. அதைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று என் அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அறுப்பு நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்களுக்குச் சோறு போட்டுவிட்டு, நான் என் இலையில் உட்கார்ந்ததும் மணி அடித்தது. ஐந்தாவது குட்டை, ஒன்பதுக்கு மேல். ரசச் சோற்றில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டு, இடது கையால் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா, தனியா சரிசெஞ்ச சென்சார கொண்டுபோய் அந்தக் குட்டையில ஒரு தடவை முக்கிப் பாருங்க, என்ஜின மட்டும் இப்ப எடுக்காதீங்க என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அத்த எப்பவோ பாத்தாச்சு," என்றார். தனி சென்சாரும் அதையேதான் சொல்கிறது, ஐந்தாவதில் பாசி கட்டிப்போயிருக்கிறது, பச்சைப் பசேலென்று கிடக்கிறது, மேலே தென்னங்கீற்றை மிதக்கவிட்டு நிழல் கொடுத்திருக்கிறோம், காற்று திரும்பியதும் கொஞ்சமாகத் தண்ணீர் விடப்போகிறோம் என்று வரிசையாகச் சொன்னார். உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன், அறுப்பு என்று சொன்னாயே என்று விட்டுவிட்டேன் என்றார்.

அப்படியானால் மணி எதற்கு என் போனில் அடிக்கிறது என்று கேட்டேன்.

"அடிச்சா அடிக்கட்டும். நீ துண்ணு," என்றார். பிறகு அந்த ஒயரெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, திங்கட்கிழமை வந்ததும் முதலில் அதைப் பிரித்துக் கொடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.